எங்கள் வீட்டில் எது குடி

கல்யாணமாகித் திருநெல்வேலி டவுணுக்கு வரும்வரை எனக்குக் குடி என்றால் குடிதான். அதில் இத்தனை வகை இருப்பது புகுந்த வீட்டில்தான் தெரிந்தது. பீர் பார்லித் தண்ணீர், உடம்புச் சூட்டைத் தணிக்கும். பிராந்தி திராட்சையில் செய்வது, சளிக்கு நல்லது. ஒயின் குடித்தால் ரத்தம் ஊறும். விஸ்கி பெரிய உத்தியோகக்காரர்களுக்கு, ரம் பட்டாளத்துக்காரர்களுக்கு. சாராயம் மட்டும்தான் குடி. அதை இந்த வீட்டில் யாரும் தொட்டதில்லை என்பதில் என் மாமியாருக்கு அவ்வளவு பெருமை.

என் கணவர் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கோடையில் சூட்டுக்குப் பீர். தொப்பை விழுகிறது என்று யாரோ சொல்ல, பிராந்திக்கு மாறினார். மழைக்காலம் முடிந்த பிறகும் அவருடைய சளி மட்டும் முடியவில்லை. நான் வாயைத் திறந்தால் போதும், "ஏட்டி, மருந்துக்குக் குடிக்கவனப் போயி குடிகாரங்கியே, ஒன் நாக்கு அழுகிப் போவும்" என்பார் மாமியார். அழுகியது என் நாக்கு இல்லை.

கண் மஞ்சளாகி வயிறு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன குடிப்பார் என்று டாக்டர் கேட்டார். "பிராந்திதான் டாக்டரே. சாராயம் கீராயமெல்லாம் கிடையாது" என்றார் மாமியார், மகன் முதல் மார்க் வாங்கியதைச் சொல்வது போல.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். கோபப்படாமல் சொன்னார். "எல்லாத்துலயும் போதை தாரது ஒண்ணேதாம்மா. பீர்ல தண்ணி கூட, அதனால நிறையக் குடிக்காங்க. பிராந்தில தண்ணி கம்மி, கொஞ்சம் போதும். மலிவா விக்கிற பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாமே பெரும்பாலும் சீனி ஆலைக் கழிவுப்பாகுல எடுத்த ஸ்பிரிட்தான். கலரும் வாசமும்தான் வேற. ஈரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது."

என் படிப்பு அவ்வளவுதான். டாக்டர் சொன்னது எனக்கு முழுதாகப் புரிவதற்குள் என் கணவர் இறந்துபோனார். மாமியார், கொழுந்தனோடு அதே வீட்டில்தான் இருக்கிறேன். பகலில் ஒரு தையல் கடைக்குப் போகிறேன்.

இந்த வருஷம் கொழுந்தனுக்கு ஏரலில் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில்தான் கேட்பார்கள். பெண்ணின் அம்மா விவரமானவர். பஸ் ஏறி நேரே என் தையல் கடைக்கே வந்துவிட்டார்.

"ஒன்ன என் மவளா நெனச்சிக் கேக்கேன். மாப்பிள்ளைக்குக் குடி உண்டா?"

இல்லை என்று சொன்னால் அந்த வீட்டில் எனக்குச் சோறு நிலைக்கும். உண்டு என்றால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் இன்னொருத்தியும் என் மாதிரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வேண்டாம் என்று தோன்றியது. உண்டு என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னத்தக் குடிக்காக?"

"பீர்."

"அம்புட்டுதானா? நான் பதறிட்டேன் தாயி. எங்க வீட்டு ஆம்பளைகளும் அதத்தான குடிக்காக."

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கணவரும் பீரில்தான் தொடங்கினார் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் தலையெழுத்து அப்படி ஆயிட்டு. அதுக்காவ எல்லாருக்குமா அப்படி ஆவும்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை உதறிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு வேன் பிடித்து எல்லாரும் ஏரலுக்குப் புறப்பட்டார்கள். நானும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "நல்ல காரியத்துக்குப் போறோம். நீ எதுக்கு? வீட்டப் பாத்துக்கோ" என்றார் மாமியார். தாலி அறுத்தவள் எதிரே வந்து நின்றால் அந்தப் பெண்ணுக்கு ஆகாதாம். அவளுக்கு எது ஆகாது என்று தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.