விலங்குக்காரர் வீட்டு நாகலெட்சுமி

1974இல் நாகலெட்சுமி வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் மூன்று கைவிலங்குகள் இருந்தன. மிளகாய் விவசாயம் செய்கிற வீட்டில் இவை எதற்கு என்று மாமியாரிடம் கேட்டாள்.

“அது அவனுக்கு ஒரு கிறுக்கு. நீ வந்துட்டேல்ல, சரியாப் போயிரும்” என்றாள் மாமியார்.

சரியாகப் போகவில்லை. மிளகாய் எடுப்பு முடிந்ததும் அவள் புருஷன் செல்லச்சாமி துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ராமநாதபுரம் அரண்மனை வாசலில் பழைய இரும்பு விற்கிறவர்கள், மதுரை, ஒருமுறை தூத்துக்குடி. திருகுச் சாவி போட்டுத் திறக்கிற வெள்ளைக்காரன் காலத்துக் கைவிலங்கு, குதிரைலாடம் போல வளைந்த கால்விலங்கு, மண்டபத்தில் மீனவர் வலையில் சிக்கி வந்த சங்கிலி என்று கொண்டுவந்தார். பத்து வருஷத்தில் மேற்கு அறைச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லை. ஊரார் அவரை விலங்குக்காரர் என்றார்கள். ஏன் சேர்க்கிறாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார். மனைவியிடம் மட்டும், “பூட்டு அழகா இருக்கு புள்ள” என்றார்.

கொண்டுவருவதோடு அவர் வேலை முடிந்தது. கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் ஒரு மாதம் விட்டால் இரும்பு பொரிந்துவிடும். செவ்வாய்தோறும் நாகலெட்சுமி எல்லாவற்றையும் இறக்கி, மண்ணெண்ணெயில் துடைத்து, கோழியிறகால் தையல் மிஷின் எண்ணெய் தொட்டுப் பூட்டின் துவாரத்தில் விட்டு, திறந்து மூடி, திரும்ப மாட்டுவாள். காட்டு வேலை, மாடு, இரண்டு பிள்ளைகள், அதற்குமேல் இது. சோற்றில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்று மகள் தட்டைத் தள்ளிவிட்ட நாள்கள் உண்டு.

வருஷங்கள் போகப் போக ஒவ்வொரு பூட்டின் குணமும் அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று அமுக்கித் திருப்பினால் இறங்கும். இன்னொன்று இடப்பக்கம் போய்த்தான் வலப்பக்கம் வரும். சாவி இல்லாதவற்றுக்குக் குடைக்கம்பியை வளைத்து வைத்திருந்தாள். அதைத் திறமை என்று அவள் நினைத்ததில்லை. பாத்திரம் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு வேலை.

2001இல், ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள் என்ற செய்தி வந்த சில வாரங்களில், தேவிபட்டினத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஹமீதா பானு என்கிற பெண் இறங்கினாள். பின்னாலேயே அவள் தம்பி நைனாவை இறக்கினாள். நாற்பது வயதிருக்கும். வலது கணுக்காலில் கனத்த இரும்பு வளையம், அதில் ஒரு முழச் சங்கிலி.

“விலங்குக்காரர் வீடு இதானேக்கா? சாவி தொலைஞ்சு போச்சு. கொல்லர் அறுக்கப் பயப்படுறாரு, கால்ல பட்டுருமாம்.”

மேற்கு அறையில் நைனாவை உட்கார வைத்தார்கள். செல்லச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவர் குரலே மாறிவிட்டது.

“அடேயப்பா! இது கப்பல்ல ஆளுகளுக்கு மாட்டுற சாமான்ல. இந்தப் பூட்ட நான் படத்துலகூடப் பாத்ததில்லயே.”

“எங்க வாப்பாவோட வாப்பா தோணி வச்சிருந்தாக. அவுக காலத்துது. வீட்டுல கெடந்துச்சு. நாந்தான் எடுத்து மாட்டுனேன்” என்றாள் ஹமீதா. கொஞ்சம் நிறுத்தி, “கடலுக்குள்ள எறங்கி நடந்து போயிருவான்க்கா. நான் ஓலைப்பெட்டி முடைஞ்சாத்தான் சோறு. யாரு பாத்துக்கிருவா? இப்ப அந்தத் தீயக் கேள்விப்பட்டதுலருந்து எனக்குத் தூக்கமில்ல” என்றாள்.

“அறுக்கவே கூடாது. அறுத்தா சாமான் போச்சு” என்றார் செல்லச்சாமி.

நாகலெட்சுமி காலைப் பார்த்தாள். வளையத்தைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. ஓரத்தில் சீழ். நைனா சுவரில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“இங்கன வேணாம். தம்பிய வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டு வாத்தா” என்றாள் நாகலெட்சுமி.

மத்தியானம் முழுக்க ஆனது. எண்ணெய் விட்டாள், காத்திருந்தாள், குடைக்கம்பியை விட்டாள். செல்லச்சாமி தலைக்குமேல் நின்று, “பாத்து, கீறிராத” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது இரும்பை. வெயில் சாய்கிற நேரத்தில் உள்ளே ஏதோ இளகியது. வளையம் வாயைத் திறந்தது. காலைப் பிடித்து அவளே வெளியே எடுத்தாள்.

“வலிக்குதா தம்பி?”

“பசிக்குது” என்றான் நைனா.

புண்ணைக் கழுவித் துணி கட்டிவிட்டுச் சோறு போட்டாள். இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு சாப்பிட்டான்.

“இத இங்கன விட்டுட்டுப் போங்கம்மா, பத்திரமா வச்சிக்கிறேன்” என்றார் செல்லச்சாமி.

“வச்சிக்கங்க. ஆனா நாளைக்கு இவன் மறுபடி கடலுக்குப் போனா நான் என்ன செய்ய?” என்று ஹமீதா கேட்டாள்.

அந்தக் கால்விலங்கைச் செல்லச்சாமி சுவரின் நடுவில் மாட்டினார். அடுத்த செவ்வாய் நாகலெட்சுமி அந்த அறைக்குள் போகவில்லை.

“என்ன, எண்ணெ போடலயா?”

“கை வலிக்குது.”

“இருபத்தேழு வருசமா வலிக்காத கையா?”

“இருபத்தேழு வருசமாச்சுல்ல, அதான்.”

கோபித்துக்கொண்டு அவரே செய்யப் பார்த்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டு எழுந்துவிட்டார். இரண்டு மழைக்காலத்தில் சுவரெல்லாம் செந்துரு வழிந்தது.

நாகலெட்சுமி செவ்வாய்க்கிழமைகளில் தேவிபட்டினம் பஸ் ஏறினாள். ஹமீதா பெட்டி முடையும்போது நைனாவோடு கடற்கரையில் உட்கார்ந்திருப்பாள். அவன் எழுந்து தண்ணீருக்குள் நடந்தால் இவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போவாள். முழங்கால் ஆழத்தில் கையைப் பிடித்தால் திரும்பி வந்துவிடுவான். மற்ற நாள்களில் அக்கம்பக்கத்தார் முறை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவை அவர்கள் கண் தப்பிக் கடலுக்குள் போய்விட்டான். மீனவர்கள் தூக்கி வந்தார்கள். அப்படியும் ஹமீதா மறுபடி சங்கிலியைத் தேடவில்லை.

2009இல் காரைக்குடியிலிருந்து பழைய பொருள் வியாபாரி ஒருவர் வேன் கொண்டுவந்தார். துருப்பிடித்துத் திறக்காதவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாலும், எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டார். கண்ணும் தெரியவில்லை, தடவினால் துருதான் கையில் வருகிறது என்று செல்லச்சாமியே கொடுத்துவிட்டார். வேன் போனபின் ஆணிகள் மட்டும் நின்ற சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

“உனக்கு இப்பச் சந்தோசந்தானே?”

நாகலெட்சுமி யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

“அலுப்பாத்தான் இருக்கு” என்று சொல்லி, அந்த அறைத் தரையிலேயே முந்தானையை விரித்துப் படுத்தாள். செல்லச்சாமி குறடு எடுத்துவந்து, கையால் தடவித் தடவி ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். மூன்றாவது ஆணி விழுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.