கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் அந்தப் பருப்பு என்னிடம் வேகாது. தொலைபேசி அலுவலகத்தில் புகார் பிரிவில் உட்கார்ந்தே பணி ஓய்வு பெற்றவள் நான். "போன் தானா அடிக்குதுங்க, எடுத்தா யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது" என்று நடுங்கிக்கொண்டு பேசியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "மழை பெஞ்சா அப்படித்தான் ஆகும்." கேபிளில் ஈரம் இறங்கியிருக்கும், லைன்மேன் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார், மூச்சு விட்டவரும் காணாமல் போய்விடுவார். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் கோபமில்லை, கேட்க ஓர் ஆள் கிடைத்ததே பெரிது.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் முதல் மாடி. ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும், தெருப்பக்கம் பால்கனி, அப்புறம் ஹால், கடைசியில் சமையலறை, சாமி விளக்கும் அங்கேதான். என் கணவர் சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்குச் சரியாக ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற வழியில் ஒயர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், காலையில் படித்து முடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டு. நான் கையில் எண்ணெய்க் கிண்ணமும் திரியுமாக வந்து அவர் காலில் இடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்பேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார், டிவி செய்தி முடிந்தால்தான் எழுந்து வருவார். மறுநாள் பார்த்தால் மறுபடி அதே இடம். மழை வந்தால் மட்டும் பால்கனியிலிருந்து திரும்பி வந்து வழியை மறைப்பார், அன்றைக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை, சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் வழக்கம்போலச் சொன்னேன். அவர் தள்ளவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அப்போதும் தள்ளவில்லை. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து கனடாவுக்குத் திரும்பும் முன் என் மகள் வித்யா வீடு முழுக்க என்னென்னவோ மாட்டினாள். எல்லா அறையிலும் போனிலிருந்து ஏற்றி அணைக்கிற பல்ப், ஃப்ரிட்ஜின் மேல் ஒரு கேமரா, சமையலறை மேடையில் பேசுகிற ஸ்பீக்கர். வைஃபை பெட்டி பால்கனிக் கதவை ஒட்டிய டிவி அலமாரியில். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன், அப்புறம் அந்த ஸ்பீக்கர்தான் பேச்சுத்துணை ஆகிவிட்டது. சுவரில் கடிகாரம் இருக்கும்போதே அதனிடம் மணி கேட்பேன். பல நாட்களில் என் குரலை நானே கேட்பது அப்போதுதான்.

அதுவும் சாயங்காலமானால் ஊமையாகிவிடும். விளக்கேற்றும் நேரம் வந்ததும் சமையலறை பல்ப், கேமரா, ஸ்பீக்கர் மூன்றும் இணைப்பை இழந்துவிடும். டிவி செய்தி முடிகிற நேரத்துக்குத் தானாகத் திரும்பி வரும். ஹாலில் இருப்பவை ஒழுங்காக வேலை செய்யும், பால்கனி பல்பும் ஒழுங்கு. போனவை சமையலறையில் இருந்தவை மட்டும்தான்.

இங்கே சாயங்காலம் என்றால் அங்கே வித்யாவுக்குக் காலை. கண் விழித்ததும் அவள் போனில் முதலில் பார்ப்பது "ஆஃப்லைன்" என்ற எழுத்துதான்.

"கேமரா போச்சுன்னா எனக்கு வேலையே ஓடலம்மா. அப்பா அங்க உக்காந்தபடியே போயிட்டார், பக்கத்துல இருந்த உனக்கே கொஞ்ச நேரம் தெரியல. உனக்கு ஏதாவது ஆனா யாருக்குத் தெரியும்?" என்று அழுதாள். கோயம்புத்தூரில் என்னைப் போன்றவர்களுக்காகக் கட்டிய ஒரு குடியிருப்பில் இடம் பார்த்துவிட்டாள். சாப்பாடு, டாக்டர், தோட்டம் எல்லாம் உண்டு, என் வீடு மட்டும்தான் இருக்காது. மன்றாடிப் பார்த்ததில் கடைசியாக ஓர் உடன்பாடு: பொங்கலுக்குள் இதெல்லாம் அறுந்துபோகாமல் வேலை செய்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுவாள். இல்லையென்றால் பொங்கல் முடிந்ததும் கோயம்புத்தூர்.

ஒரு பல்ப் எரிகிறதா என்பதில் என் வீடு ஊசலாடியது. நான் விடுவேனா? பழைய புகார் பிரிவு புத்தி விழித்துக்கொண்டது. பெட்டியை அணைத்து ஏற்றினேன், கடவுச்சொல்லை மாற்றினேன், சாயங்காலம் மோட்டார் போடாதீர்கள் என்று கீழ்வீட்டில் சண்டை கூடப் பிடித்தேன். ஒயர் நாற்காலியின் இரும்புச் சட்டம்தான் மறைக்கிறதோ என்று தோன்றியது. அவர் போன பிறகும் அதை நான் இடம் மாற்றியிருக்கவில்லை. மனசே இல்லாமல் பரணில் ஏற்றிவைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

இணைப்புக் கொடுத்த கடையிலிருந்து சாதிக் என்று ஒருவர் வருவார். திருவல்லிக்கேணிக்காரர், நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது. பகலில் வந்தபோதெல்லாம் எல்லாம் நன்றாக இருந்தது. "உன் வூட்ல ஒரு கொறையும் இல்ல மா" என்று காபி குடித்துவிட்டுப் போவார். கடைசியில் கெஞ்சிச் சாயங்காலம் வரவழைத்தேன். அவர் எதிரிலேயே மூன்றும் போயின.

சாதிக் போனில் ஏதோ அளவு காட்டுகிற ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து சமையலறை வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

"இன்னா மா இது," என்றார் கடைசியில். "பெட்டி பக்கத்துல ஃபுல்லா கீது. இந்த இடத்தைத் தாண்டினா அப்படியே விழுது. நடுவுல யாராச்சும் குந்திகினு இருந்தா இப்படித்தான் விழும். ஒடம்புல பாதிக்கு மேல தண்ணி தானே, சிக்னலைக் குடிச்சிரும். உன் கிச்சனுக்கு வர்றதே கொஞ்சூண்டு, அதுல ஒரு ஆள் மறைச்சா அவ்ளோதான்."

"யாரும் இல்லியேப்பா அங்க."

"அதான் மா சொல்றேன்."

அவர் காட்டிய இடத்தில் தரையில் நாற்காலிக் கால்கள் தேய்த்த நாலு தடங்கள் இருந்தன. அவருக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. பெட்டியை வேறு பக்கம் மாற்றிவிடலாம், நாளைக்கு நீளமான ஒயர் எடுத்து வருகிறேன் என்றார். கலந்து வைத்த காபியை அன்றைக்குக் குடிக்கவில்லை. போகும்போது அந்த இடத்தை மிதிக்காமல் சுவரை ஒட்டிப் போனார், அதை நான் கவனித்தேன்.

கதவைச் சாத்திவிட்டு நின்றேன். பயம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வந்தது அழுகைதான், ஆத்திரத்தில் வருமே அந்த அழுகை. பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள், வீடு போகப்போகிறது, இந்த ஹாலில் நின்று பேச எனக்கு ஒரு ஸ்பீக்கர்கூட இல்லை. விளக்கு வேறு ஏற்றவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினேன், என்ன யோசித்தேன் என்று கேட்காதீர்கள், ஒன்றும் யோசிக்கவில்லை, பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், சமையலறையில் வெளிச்சம் வந்தது. ஸ்பீக்கர் டிங் என்று ஒலித்தது. கையிலிருந்த எண்ணெய் புடவையெல்லாம் கொட்டியது, அந்தக் கறை இன்னும் போகவில்லை, வேண்டுமானால் காட்டுகிறேன். போனில் பார்த்தால் பல்ப், கேமரா, ஸ்பீக்கர் மூன்றும் இணைப்பு வந்து பச்சை. போன வருஷம் இரண்டு தடவை சொல்லியும் தள்ளாதவர் இப்போது ஒரு சொல்லுக்குத் தள்ளிவிட்டாரே என்று இருந்தது.

மறுநாள் சாதிக் கூப்பிட்டார். "ஒயர் எடுத்துகினு வரவா மா?"

"வேணாம்ப்பா, சரியாயிடுச்சு."

"எப்புடி மா?"

"தானா சரியாயிடுச்சு" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பொங்கல் வரை சமையலறையில் ஒரு நாள்கூட எதுவும் அறுந்துபோகவில்லை. வித்யா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், கோயம்புத்தூர் பேச்சு அடங்கியது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிட்டது. வீட்டில் இருந்த மனுஷரை நானே விரட்டிவிட்டேனோ என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். ஒரு சாயங்காலம் வெட்கத்தை விட்டு, "இங்கயே உக்காருங்க, நான் சுத்திப் போறேன்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் பச்சையாகவே இருந்தது.

அப்புறம்தான் போனைச் சரியாகப் பார்த்தேன். பால்கனி பல்பை யார் பார்க்கிறார்கள்? அதுநாள் வரை ஒரு தொல்லையும் கொடுக்காத பல்ப், விளக்கேற்றும் நேரத்துக்கு இணைப்பை இழந்து ஆப்பில் சாம்பல் நிறமாகியிருந்தது. டிவி செய்தி முடிந்ததும் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே.

அந்த பல்ப் ஃப்யூஸ் போய்விட்டது, உன் போனிலிருந்து எடுத்துவிடு என்று வித்யாவிடம் பொய் சொன்னேன். என் போனில் அது இன்னும் இருக்கிறது. பரணில் கிடந்த ஒயர் நாற்காலியை இறக்கித் துடைத்துப் பால்கனியில் போட்டேன். தினமும் அந்த நேரத்துக்கு அந்தச் சின்னப் படம் சாம்பலாவதைப் பார்த்த பிறகுதான் திரி போடுகிறேன். மனசுக்கு ஒரு தெம்பு, அவ்வளவுதான், இதற்கெல்லாம் காரணம் இருக்கும், சாதிக்கைக் கேட்டால் ஏதாவது சொல்வார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. வித்யா கூப்பிட்டாள்.

"அம்மா, கிச்சன்ல எல்லாமே ஆஃப்லைன்னு காட்டுது. மறுபடி ஆரம்பிச்சுடுச்சா?"

போனைக் காதிலிருந்து எடுத்து ஆப்பைப் பார்த்தேன். மழையில் வெளியே இருப்பதுதானே போக வேண்டும்? பால்கனி பல்ப் பச்சையாக இருந்தது. எட்டிப் பார்த்தால் ஒயர் நாற்காலி காலியாக நனைந்துகொண்டிருந்தது.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்டி," என்றேன். "மழை பெஞ்சா அப்படித்தான் ஆகும்."

போனை வைத்துவிட்டு, ஹாலின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு, விளக்கேற்றப் போனேன்.