மேசைக்கு மேல் ஒரு கை

என் மனைவிக்குக் கை நடுங்குகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஈஜோக்கில் எங்கள் வீட்டு முன்புறத்தில், கார் நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். செம்பனைத் தோட்டக்காரர்களின் புல்லு மிஷின்கள், மருந்தடிக்கும் மிஷின்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். பிரிப்பதையும் பூட்டுவதையும் வீடியோ எடுத்து இணையத்தில் போடுவது எனக்குப் பழக்கம். நான் மேசையில் வேலை பார்க்க, அவள் பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி, என் தலைக்கு மேலே ஹேண்ட்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வருடம் அப்படித்தான் நின்றாள்.

அந்த இரண்டு வருடமும் நான் அவளைத் திட்டாத நாள் இல்லை. படம் ஆடும். அது போதாதென்று, கார்ப்ரேட்டருக்குள் ஊசியை இறக்கும் முக்கியமான நேரம் பார்த்துப் போனைத் திருப்பி, சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பானர்களைக் காட்டுவாள். ஊசி உட்கார்ந்த பிறகு மறுபடி மேசைக்கு வருவாள்.

"கண்ணு எங்கடி போச்சு? ஸ்பானரையா பாக்க வர்றானுங்க? ஒரு போன ஒழுங்கா புடிக்கத் தெரியலே, நீயெல்லாம் எதுக்குலா?"

வாடிக்கையாளர் இருந்தாலும் இப்படித்தான் கத்துவேன். இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கத்துவேன். அவள் முக்காலியிலிருந்து இறங்கி, கையை உதறிவிட்டு, மறுபடி ஏறுவாள்.

என் குணத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு முன் நான் எஸ்டேட்டில் புல் வெட்டும் குத்தகை ஆட்களை மேய்க்கும் மண்டோர். அதற்கும் முன் பதினைந்து வருடம் நானே மிஷினைத் தோளில் மாட்டி வெட்டியவன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் வரிசையில் நிற்க, நான் ஒரு விதி வைத்திருந்தேன். ஒவ்வொருவனும் இரண்டு கையையும் முன்னால் நீட்ட வேண்டும். நான் சொல்லும்வரை இறக்கக் கூடாது. விரல் ஆடினால் ராத்திரி குடித்த சம்சு இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஆட்களிடையே நடுங்கும் கைக்கு வேறு அர்த்தமே கிடையாது. சுற்றுகிற கத்தியை அப்படிப்பட்டவன் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்றவனின் கணுக்கால் கிழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் விதி தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நான் ரசித்துச் செய்தேன். ஆடும் கைக்கு முன்னால் வேண்டுமென்றே நிதானமாக நிற்பேன். பிறகு ஒரே வசனம்தான்.

"இன்னிக்கு வேலை இல்ல. வீட்டுக்குப் போ."

ஒரு நாள் அந்த வரிசையில் என் மனைவியின் அண்ணனின் கை ஆடியது.

"மச்சான், நான் குடிக்கலே. சத்தியமா தொடலே. பத்து வருசமா மிஷின் தூக்குறேன்ல, அது ஆட்டுன ஆட்டம்தான் கையில நிக்குது."

"மிஷின் என்னையுந்தான் ஆட்டுச்சு. எனக்கு ஆடுதா?" என்று எல்லார் முன்னாலும் என் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். மரக்கட்டையாக நின்றன. வரிசையில் சிரிப்பு எழுந்தது. மூன்று நாள் தொடர்ந்து அவரை வீட்டுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் அவர் வரவில்லை. பாகான் நக்கோடா ஓமாரில் மீன் கூடை தூக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு எங்கள் வீட்டு வாசல்படியை அவர் மிதிக்கவில்லை.

"அண்ணன் குடிக்க மாட்டாருங்க" என்று என் மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள்.

"குடிகாரன் வீட்ல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றேன். அவள் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

குத்தகை கைமாறியதும் பட்டறைக்கு வந்தேன். வீடியோக்கள் ஓரளவு ஓடின. ஒரு நாள் யாரோ ஒருவன், "கேமரா புடிக்கிறவர மாத்துங்க அண்ணே, தலை சுத்துது" என்று எழுதியிருந்தான். மத்தியானச் சாப்பாட்டின்போது அதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"உன்னை வேலைய விட்டுத் தூக்கச் சொல்றாங்க. உனக்குப் பதிலா ஒரு மிஷின் செய்யப் போறேன்."

குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "வேணாங்க. நானே புடிக்கிறேன். இனிமே நல்லா புடிக்கிறேன். மிஷின்லாம் வேணாம்."

அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. தன் இடம் பறிபோகிறதே என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். அந்தக் கெஞ்சல் எனக்கு இனித்தது. அதனாலேயே அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினேன்.

கருவி ஒன்றும் பெரிய அதிசயமில்லை. செம்பனைக் குலை அறுக்கும் பழைய அலுமினியக் கம்பு ஒன்றை, சுவரிலிருந்து மேசைக்கு மேலே நீட்டி நிற்கும்படி இரும்புப் பட்டையால் இறுக்கினேன். தலை கனத்துத் தொங்காமலிருக்க, பின் முனையில் மண் நிரப்பிய களைக்கொல்லி டின். கம்பின் மேல் போனைச் சுமந்து போக நாலு சின்னச் சக்கரம் வைத்த தட்டு. கம்புக்குப் பக்கத்திலேயே நீளமான திருகுத் தண்டு ஒன்று. தண்டு சுற்றினால் தட்டு மெல்ல நகரும். போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம் என்று ஒரு சுவிட்ச். தண்டைச் சுற்ற மோட்டார் வேண்டும், காலால் மிதித்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டும். இரண்டும் வீட்டிலேயே இருந்தன, என் மனைவியின் தையல் மிஷினில்.

அவள் பாசாருக்குப் போன நேரத்தில் கழற்றினேன். கேட்கத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். கேட்கக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. திரும்பி வந்தவள், மிஷினின் பெல்ட், அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டின் கயிறு போலத் தொங்குவதைப் பார்த்தாள். மிஷினுக்கடியில் ஒரு கை மட்டும் தைத்த ரவிக்கை கிடந்தது. அதை மடித்துப் பையில் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரமே புஞ்சாக் ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ் எங்கள் முனைக்கு வந்து ஹார்ன் அடிக்கும்.

கருவி அருமையாக ஓடியது. பெடலை மிதித்தால் போன் வழுக்கிக்கொண்டு போய் நான் நினைத்த இடத்தில் நின்றது. எவளையும் கூப்பிட வேண்டாம், எவள் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம். ஒரு கார்ப்ரேட்டரைப் பிரித்துப் பூட்டி முதல் வீடியோவை எடுத்தேன். பெருமை தலைக்கேறியதில், முழுதாகப் பார்க்காமலேயே இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை கோப்பியோடு உட்கார்ந்து கருத்துகளைப் படித்தேன்.

"அண்ணே, காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?"

"கை தந்தி அடிக்குது. மொதல்ல ஒரு கட்டிங் போட்டுட்டு வாங்க அண்ணே, நின்னுடும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. சொட்டுக்கூடத் தொடாதவன் நான். தையல் மோட்டாரின் அதிர்வுதான் கம்பில் இறங்கிப் படத்தை ஆட்டுகிறது என்று முடிவு கட்டினேன். பழைய சிலிப்பரை வெட்டி, இரும்புப் பட்டைக்கு அடியில் ரப்பர் வைத்தேன். மறுபடி எடுத்தேன், ஆடியது. மோட்டாரை நிறுத்திவிட்டு எடுத்தேன், ஆடியது. வெளியே போகும் குலை லோரிகளைச் சபித்தேன், சுவரைச் சபித்தேன். கடைசியில் குடித்து மீந்த கோப்பிக் கிளாசை மேசை நடுவில் வைத்து, அதன் பக்கத்தில் என் கையையும் வைத்து, கார்ப்ரேட்டருக்குள் ஊசியை இறக்கியபடி எடுத்தேன்.

ஓட்டிப் பார்த்தேன். கிளாசிலிருந்த கோப்பி ஒரு துளிகூட அலையவில்லை. மேசை விளிம்பு கோடு போட்டது போல நின்றது. அந்தப் படத்தில் ஆடியது ஒன்றே ஒன்றுதான். ஊசியின் முனை அதன் ஓட்டையைத் தேடி அலைந்தது.

வேலை செய்யும்போது எனக்குத் தெரிந்ததே இல்லை. ஊசி எப்படியோ உள்ளே போய்விடும், அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஊசி இறங்கும் இடம் வரும், போன் ஸ்பானர் பக்கம் திரும்பும். சின்னத் திருகு மாட்டும் இடம் வரும், போன் சுவருக்குப் போகும். மற்ற இடங்களில் படம் முழுவதையும் லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தாள், என் கையின் ஆட்டம் தனியாகத் தெரியாதபடி. அறுபது எழுபது வீடியோக்களில் ஒன்றில்கூட அவள் தவறவிடவில்லை. தலை சுற்றுகிறது என்று எவனோ எழுதியதை நான் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது, அவள் மேல். என்னை இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாளே என்று.

மறுநாள் காலை அவள் தொழிற்சாலை சட்டையோடு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் வாசலில் வழி மறித்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"வேலைக்குப் போக வேணாம். மிஷின கழட்டிடுறேன். நீயே வந்து புடி, பழைய மாதிரி."

மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது, ஆனால் கட்டளைதான் வெளியே விழுந்தது. அவள் பையைத் தரையில் வைத்தாள்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நீட்டினேன். அவள் அவசரப்படவில்லை. நான் வரிசைக்கு முன்னால் நின்று பார்ப்பேனே, அதே நிதானத்தோடு, முதலில் வலது கையை, பிறகு இடது கையை, விரல் விரலாகப் பார்த்தாள். முனையில் பஸ் ஹார்ன் அடித்தது.

"இன்னிக்கு வேலை இல்ல" என்றாள். "வீட்டுக்குப் போங்க."

பையை எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றி நடந்து போனாள். பஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் என் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். கையை இறக்கு என்று அவள் சொல்லவில்லை.