நான் திருத்தாமல் விட்ட பன்னிரண்டு

நுரையீரலுக்குள் இத்தனை நிறம் இருக்கும் என்று அந்தத் தாளில்தான் முதலில் பார்த்தேன். நல்ல பகுதி நீலம், தழும்பேறி இறுகிய பகுதி சிவப்பு. ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டர் புள்ளி புள்ளியாக ஆராய்ந்து, சிவப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று அடியில் ஓர் எண் போட்டிருந்தது. நோய் இனி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கணிப்பார்களாம். என் மகளுக்கு முப்பத்து நான்கு. வயது இருபத்திரண்டு.

கள்ளக்குறிச்சியில் அந்த மருத்துவமனையின் மாடியில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் மலைமேல் உள்ள கரியாலூரிலிருந்து வந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மகன் வெளியூரில் கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்து, நெஞ்சில் தூசி சேர்ந்து திரும்பியவன். அங்கே காத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம். தாள் கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார்கள், பரீட்சை முடிவு வந்த நாளில் பிள்ளைகள் நீட்டுவதுபோல. அவரும் நீட்டினார். தாள் முழுக்க இங்கிலீஷ். அவரால் படிக்க முடிந்தது எண் மட்டும்தான்.

"பன்னெண்டுதான் போட்டுக்கீது டீச்சரம்மா. ஒங்க பொண்ணுக்கு எவ்ளோ?"

சொன்னேன்.

"முப்பத்தி நாலா! படிச்ச வூட்டுப் புள்ள, நெஞ்சுகூட மார்க்கு வாங்குது. எம்புள்ள பள்ளிக்கூடத்துலயும் ஃபெயிலு, இங்கயும் ஃபெயிலு." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துகிறவள் நான். 'குறைவாக இருந்தால்தான் நல்லது' என்று ஒரு வரி போதும். அது தொண்டைவரை வந்தது. அப்போது அவர் மகன் இரண்டு டம்ளர் டீயோடு மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறி வந்தான். அதே படியில் என் மகள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. கல்தூசியைத் தின்றவனுக்குப் பன்னிரண்டு, புத்தகமும் கையுமாக வீட்டில் இருந்தவளுக்கு முப்பத்து நான்கா? இந்த அம்மாவும் கொஞ்சம் தவிக்கட்டுமே என்று இருந்துவிட்டேன். டாக்டர் அன்று வரவில்லை. அடுத்த வாரம் அவரே சொல்லிவிடுவார் என்று சமாதானமும் செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா வரவில்லை. கையிலிருந்த மாத்திரை தீர்ந்த பிறகு, இரண்டு மாதம் கழித்துத்தான் மலையிலிருந்து இறங்கினார். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"கம்மியா இருந்தாத்தான் நல்லதாம் டீச்சரம்மா! அது தெரியாம ரெண்டு மாசமா அழுதுகினு கெடந்தேன். பொழைக்காத புள்ளைக்குக் கல்யாணம் எதுக்குன்னு, பேசி வெச்ச பொண்ணு வூட்டுல நானே வாணாம்னு சொல்லிட்டேன். அவங்க வேற எடம் பாத்துட்டாங்க." பிறகு குரல் தணிந்தது. "அப்போ ஒங்க பொண்ணுக்கு... ஐயோ, படிச்சவங்க, ஒங்களுக்கே தெரியாம பூடுச்சே."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்று மகளுக்கு மருந்து நடக்கிறது. நோய் கம்ப்யூட்டர் சொன்னதைவிட மெதுவாகவும் போகலாம் என்கிறார் டாக்டர். அவள் இருமும்போதெல்லாம் கரியாலூர் அம்மா என் கையைப் பிடித்த பிடி நினைவுக்கு வருகிறது. அன்று என் மகளுக்காக என் தோளில் சாய்ந்து அழுதார் அவர். நான் அவர் தலைக்கு மேலாக, பின்னால் நின்ற அவர் மகனின் நெஞ்சு எவ்வளவு லேசாக ஏறி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.