வெள்ளிக்கிழமைச் செயின்

மன்னார்த் தீவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் செயினைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், செயின் அறுந்த பிறகு வெயிலில் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் பார்க்கிறவள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில் நான் மீன் வியாபாரம் செய்தேன். விடியக் கரைக்குப் போய் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் இழுத்துக் கட்டி, பாலம் தாண்டிக் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டு போவேன். அங்கே எல்லாம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தறப்பாள் கொட்டில்கள், பாதி எழும்பிய சுவர்கள், குளத்துத் தண்ணீர் பாய்ந்த முதல் வயல். சந்தை என்று ஒன்றும் இல்லை. என் ஹோர்ன் சத்தம் கேட்டால் சட்டியோடு வாசலுக்கு வருவார்கள். ஒரு பெண் கியர் மாற்றி மாற்றி மீன் பெட்டியோடு வருவதை முதலில் வாய் பார்த்தார்கள். கொஞ்சம் பழகியதும் பாரை சின்னதாய்ப் போச்சு என்று சண்டைக்கு வந்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெம்பு வந்தது. சண்டை பிடிக்கிற ஆட்கள் மறுநாளும் வாங்குவார்கள்.

அந்த ஊர்க்காரர் சைவ சமயம். வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை எனக்கு ஓட்டம் இல்லை, அது செயினுடைய நாள். தவக்காலத்தில் மட்டும் கணக்கு மாறும். வெள்ளியில் இறைச்சி தின்னாத எங்கள் வேதக்காரச் சனம் அப்போது மீனுக்கு அலையும். நான் செயின் வேலையை வியாழன் பின்னேரமே முடித்துவிடுவேன். சிலுவைப்பாதைக்குப் பிந்தினால் கர்த்தர் பொறுத்துக்கொள்வார், செயினுக்குப் பிந்தினால் துரு பொறுக்காது.

இந்தத் தீவில் செயினுக்குப் பிடிக்காத எல்லாம் இருக்கிறது. காற்றில் உப்பு. ஒழுங்கை, ரோட்டு எல்லாம் மணல். போதாததற்கு என் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் மீன் தண்ணீர். செயினை மூடியிருக்க வேண்டிய தகரம் அந்தச் சைக்கிளுக்கு எங்களிடம் வரும்போதே இல்லை. தண்ணீர் நேரே செயினில்தான் சொட்டும். பெட்டியில் ஒரு குழாய் போட்டு மற்றப் பக்கம் விட்டால் அது சூடான சைலன்சரில் விழுந்து, போகிற வழியெல்லாம் மீன் அவியும் மணம். பிறகு குழாயை நீட்டிப் பின் சில்லுக்கும் பின்னால் விட்டேன். அதற்கு எனக்கு யாரும் பட்டம் தரவில்லை.

வேலை பெரிய வேலை இல்லை, ஆனால் அவசரக்காரருக்குச் சரிவராது. முதலில் எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். எஞ்சின் ஓட ஓடத் துணி பிடித்து விரலைக் கொடுத்த ஆட்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். செயினைக் கழற்றிப் பழைய தகரப் பேசினில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போடுவேன். பல் தீட்டித் தேய்ந்த பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாய்த் தேய்ப்பேன். கறுப்புத் தண்ணீரின் அடியில் மணல் படியும். அதைக் காணும்போது வருகிற சந்தோசம் வேறு எதிலும் இல்லை. துடைத்து, காயவிட்டு, திரும்பப் பூட்டி, சில்லைக் கையால் சுற்றிக்கொண்டு உள்பக்கமாகக் கியர் ஒயில் விடுவேன். பிறகு மேலே நிற்கிற ஒயில் முழுவதையும் துணியால் துடைத்தெடுப்பேன். இதில்தான் பலபேர் பிழை விடுகிறார்கள். செயின் பளபளவென்று ஒயிலில் குளித்திருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். ஐயோ, இந்த மணலுக்குள் அப்படி விட்டால் அது செயின் இல்லை, அரம். ஒயில் உள்ளுக்குள் இருக்க வேண்டும், வெளியே தொட்டால் கையில் ஒட்டக்கூடாது.

என் மனுசன் கடல்காரர். வள்ளத்தைத் தவிர மற்ற எதையும் வள்ளம் மாதிரியே பார்ப்பார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் கண்ட வெள்ளிக்கிழமை, உதவி செய்கிறேன் என்று, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைச் செயின் முழுக்கத் தடவி வைத்துவிட்டார். எனக்குச் சொல்லவும் இல்லை. மறுநாள் பாலம் தாண்டின பிறகு தொடங்கியது. வழக்கமாகப் பெட்டியைப் பார்த்துக் குரைத்துவிட்டுப் படுக்கிற நாய்கள் எல்லாம் பின்சில்லைத் துரத்திக்கொண்டு வந்தன. ஒரு ஊர் நாய் விட்டால் அடுத்த ஊர் நாய். மீனை நிறுத்துக் கொடுக்க இறங்கினால் இரண்டு நாய்கள் செயினை நக்குகின்றன. வீட்டுக்கு வந்து நான் போட்ட கூச்சலில் மனுசன் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்கே ஓடிப்போனார். "இஞ்சரப்பா, வள்ளத்துக்கு ஒரு நாயும் வாறேல்லையே" என்று பிறகு வந்து நியாயம் வேறு சொன்னார்.

இந்தச் சைக்கிள் என்னுடையது இல்லை, அண்ணனுடையது. அவன் எங்கள் சொந்த ஊரான வெள்ளாங்குளத்தில் திரும்பக் குடியேறியிருந்தான். வீட்டுத்திட்டத்துக்குக் கல் ஏற்றுகிற லொறி ஓட்டும் வேலை கிடைத்ததால், சும்மா நின்ற சைக்கிளை எனக்கு ஓடத் தந்தான். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன். அண்ணா என்று கூப்பிட்டாலும் நீ, நான் என்றுதான் பேச்சு. காற்றுக்காலத்தில் மனுசன் கடலுக்குப் போக முடியாமல் கிடக்கும் நாட்களில், எங்கள் அடுப்பு எரிந்தது அந்தச் சைக்கிளால்தான்.

ஒரு புதன்கிழமை அண்ணன் போன் எடுத்தான். "வெள்ளிக்கிழமை ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன். சைக்கிளைக் கழுவி வை."

"ஏன்?"

"விக்கப் போறன்."

"அப்ப நான் என்னத்தில மீன் கொண்டு போறது? தலையில வைச்சோ?"

"மீன் வித்தது காணும், விடு. உப்புத்தண்ணியில வண்டி உக்கிப்போகுது. சனமும் கண்டபாட்டுக்குக் கதைக்குது." சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவன் வைத்த பிறகும் போனுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். கோபத்திலா பயத்திலா என்று கேட்டால் இரண்டிலும்தான். சைக்கிள் போனால் கட்டுக்கரை ஓட்டம் போச்சு. நான் விட்ட இடத்தில் வேறொருவன் ஒரு கிழமைக்குள் ஹோர்ன் அடிப்பான்.

மனுசன் நல்ல யோசனை சொன்னார். "இந்த வெள்ளிக்கிழமை செயினைத் தொடாத. ரெண்டு பிடி மணலையும் அள்ளிப் போட்டுவிடு. கறகறவெண்டு கத்தட்டும். வாறவன் அடுத்த பஸ்ஸில ஓடிடுவான்."

பொய் சொல்லக்கூடாது, வியாழன் முழுக்க அதைத்தான் யோசித்தேன். மணலுக்கு இங்கே பஞ்சமா? ஆனால் செயின் கத்தினால் அண்ணன் என்ன சொல்வான்? பார், பொம்பிளையிடம் குடுத்துப் பாழாப்போச்சு, இன்னும் உக்கமுதல் விக்கிறதுதான் சரி என்பான். செயின் கத்தாவிட்டால் வாங்க வந்தவன் சந்தோசமாகக் கொண்டுபோவான். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி எனக்குத்தான். விழுவதென்றால் சுத்தமாக விழுவோம் என்று முடிவெடுத்தேன். வெள்ளி விடியப் பேசினை எடுத்து வைத்து, எல்லா வெள்ளியையும்விடத் திருத்தமாகச் செய்தேன்.

அவர்கள் பத்து மணி பஸ்ஸில் வந்தார்கள். வாங்க வந்தவர் தலை நரைத்த, அவசரப்படாத மனிதர். மாடு வாங்குகிறவர் மாதிரிச் சுற்றி வந்தார். ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தார். செயினின் கீழ்ப்பக்கத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரல் அளவு ஆடியது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விரலைப் பார்த்தார், ஒயில் ஒட்டவில்லை.

"இந்த உப்புக்காத்துக்க இப்பிடி ஒரு செயினோ? ஆர் பாக்கிறது?" என்று கேட்டார்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான். வாகனமெண்டா எனக்கு உயிர்."

எனக்கு உச்சியில் ஏறியது. விற்கிறாயா, வில். ஆனால் அந்த வாய்! தந்த நாள் முதல் அவன் அந்தச் செயினை எட்டியும் பார்த்தவனில்லை. நான் உள்ளே போய்க் குறடும் பேசினும் எடுத்து வந்து பின்சில்லடியில் குந்தினேன். சில்லைச் சுற்றினேன். இரண்டு முனையையும் சேர்க்கிற பூட்டுக் கண்ணி மேலே வந்தது. குறட்டால் ஒரு தெறி. பூட்டு கையில், செயின் சரசரவென்று பேசினில்.

"என்னடி செய்யிறாய்?"

"சைக்கிள் உன்ர, கொண்டு போ. நீ தரேக்க கிடந்த செயின் ஒரு மாசத்தில தேஞ்சு போச்சு. இது நான் வாங்கிப் போட்டது. பல்லுச் சக்கரம் ரெண்டும் என்ரதான். அதைக் கழட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஐயாவை இருக்கச் சொல்லு, தேத்தண்ணி வைக்கிறன்."

மனுசன் வேலிப்பக்கம் திரும்பி நின்று இருமினார். சிரிப்பை அப்படித்தான் மறைப்பார். வந்தவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார். "நீங்கள் உங்கட வீட்டு அலுவலை முடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ, நான் வாறன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அண்ணன் விசரி, வாய்க்காரி என்று ஏசிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினான். எங்கள் வேலிப் படலைக்கு வெளியே மணல். சில்லு புதைந்தது. இரண்டு முறை உன்னினான், அசையவில்லை. ஹாண்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றான். திரும்பியபோது முகம் வேறாக இருந்தது.

"சனம் கதைக்கிறது எனக்கொண்டுமில்லை" என்றான். "நீ தனிய அந்தக் காட்டு ரோட்டால போறாய். ஒருநாள் செயின் அறுந்து, இல்லாட்டி வேற என்னவும் நடந்து, நீ வராமல் விட்டா நான் எங்கயெண்டு போய்த் தேடுறது? தம்பியைத் தேடினது போதாதோ?"

எங்கள் தம்பி கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவனுடைய படத்தைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் ஏறி இறங்காத முகாமில்லை, அரசாங்கக் கந்தோரில்லை. அதை நாங்கள் இரண்டுபேரும் ஒருநாளும் கதைப்பதில்லை. நான் அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன், மண்ணெண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து அதுவும் எரிந்தது.

பிறகு எழும்பிப் போய்ச் சைக்கிளை அவனோடு சேர்ந்து இழுத்து வந்து ஸ்ராண்டில் ஏற்றினேன். "இரு. சில்லைப் பிடி" என்றேன். இருந்தான். செயினைத் துடைத்துப் பல்லில் ஏற்றி, பூட்டை அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன்.

"இதின்ர மூடின பக்கம் செயின் ஓடுற பக்கத்தைப் பாத்திருக்க வேணும். மாறிப் போட்டா எங்கயாவது தட்டிக் கழண்டிடும். நான் ஒருநாளும் மாறிப் போட்டதில்லை. அறாது அண்ணா. நான் பாக்கிற செயின் அறாது. நான் வருவன்."

நான் ஒயில் விட்டு முடிக்கும்வரை சில்லை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

விற்கிற கதையை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. ஆனால் ஓட்டமுள்ள ஒவ்வொரு நாளும் நான் திரும்பி வந்து பெட்டியை இறக்குகிற நேரம் பார்த்துப் போன் அடிக்கும்.

"செயின் எப்பிடிக் கிடக்கு?" என்பான். வேறு விதமாய்க் கேட்க அவனுக்கு வாய் வராது.

"வந்திட்டன் அண்ணா" என்பேன்.