மேடையை விட்டு இறங்கிய அமைச்சர்

ஜெனீவாவின் குளிர்காலத்தில் எல்லோரும் கறுப்பும் சாம்பலுமாக நடமாட, மதாம் என்று நாங்கள் அழைத்த அந்த அம்மையார் மட்டும் மாம்பழ நிறக் கோட்டில் ட்ராமிலிருந்து இறங்குவார். ஏன் இந்த நிறம் என்று ஒருமுறை கேட்டேன். "என்னை வெறுக்கிறவர்கள் என்னைத் தேடிக் களைத்துப்போகக் கூடாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதில் வேடிக்கை குறைவு.

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவின் அமைச்சராக இருந்தவர் அவர். மனைவியை அடிக்கும் கணவனை வீட்டிலிருந்து வெளியேற்றும் சட்டத்தைப் போராடி நிறைவேற்றினார். அடுத்த தேர்தலில் அவருடைய கட்சியே அவருக்கு இடம் கொடுக்கவில்லை. குடும்பங்களைப் பிரிக்க வந்தவள் என்று தேவாலயங்களில்கூடப் பேசினார்களாம். பிறகுதான் ஜெனீவாவுக்கு வந்து ஒரு சிறிய பெண்கள் அமைப்பை நடத்தினார். அங்கே வரவேற்பு மேசையில் இருந்தவள் நான். தமிழ்ப் பெண்கள் வந்தால் மொழிபெயர்ப்பதும் என் வேலை.

அப்படி வந்தவள்தான் அந்தத் தங்கச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், இடுப்பில் ஒரு கைப்பிள்ளை. கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையைக் கடைசிவரை அவிழ்க்கவில்லை. "அவரை விட்டிட்டு வந்தா என்ர விசா போயிடும் எண்டுறார், அக்கா" என்றாள். நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் மதாம் எழுந்து வந்து அவள் பக்கத்தில் அமர்ந்தார். "அது பொய். வழி இருக்கிறது. அவளுக்குச் சொல்" என்றார். அன்றே அவளுக்கு ஒரு காப்பகத்தில் இடம் எடுத்துக் கொடுத்தார்.

அவளுடைய கணவன் ஜெனீவாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் பெரிய ஆள். சங்கத்தார் யாழ்ப்பாணத்திலிருந்த அவளுடைய தாய்க்குத் தொலைபேசி எடுத்தார்கள். தாய் அழுதாள். மகள் கணவனிடமே திரும்பிப் போனாள். மதாம் அவளைக் கோபிக்கவில்லை. "இந்தக் கதவு திறந்தே இருக்கும் என்று மட்டும் சொல்" என்றார்.

சில மாதங்களில் அதே சங்கம் மகளிர் தின விழாவுக்கு மதாமைப் பிரதம விருந்தினராக அழைத்தது. முன்னாள் அமைச்சர் என்ற பெயர் அவர்களுக்குப் போதும். கேட்கப் பெண்கள் வருவார்கள் என்று மதாமும் ஒப்புக்கொண்டார். பேச்சு முடிந்ததும் பொன்னாடை போர்த்தச் சங்கச் செயலாளரை அழைத்தார்கள். வந்தவன் அந்தக் கணவன். பெயரைக் கேட்டதும் மதாம் ஒரு அடி பின்வாங்கினார். "இந்தக் கையால் எனக்கு மரியாதை வேண்டாம்" என்று பிரெஞ்சில் சொன்னார். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. பாதிச் சபைக்குப் பிரெஞ்சு தெரியும். இருந்தும் நான் தமிழில் சொன்னேன், ஒரு சொல்லையும் மாற்றாமல். மதாம் மேடையை விட்டு இறங்கி, யாரையும் பாராமல் வெளியே போனார்.

அதற்கான அடி அன்றிரவு வீட்டில் தங்கச்சிமேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மதாம் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "நான் மேடையில் தைரியமாக இருந்தேன். வீட்டில் இருந்தது இவள்" என்றார். அதன்பிறகு அவர் எந்த விழாவுக்கும் போகவில்லை. தங்கச்சி பிள்ளையோடு நிரந்தரமாகப் பிரிந்து வந்தாள். அவன்மீது வழக்கு வந்தது, சின்னத் தண்டனையோடு முடிந்தது. சங்கம் அவனை ஒரு நாள்கூட விலக்கி வைக்கவில்லை.

மதாம் வயதாகித் தீவுக்குத் திரும்பினார். இந்த வருடம் இறந்துபோனார். அவரைத் துரத்திய கட்சி அரச மரியாதையோடு அடக்கம் செய்தது. குடும்பங்களைக் காத்த தாய் என்று ஒரு பெரியவர் கண்ணீர்விட்டதைக் கணினியில் பார்த்தேன். முழுவதும் பார்க்காமல் கணினியை மூடினேன்.

போன மாதம் இங்கே சங்கமும் அஞ்சலிக் கூட்டம் வைத்தது. அந்தக் கணவன் இப்போது தலைவர். "மதாம் எங்கட சனத்துக்குக் கிடைச்ச பாக்கியம்" என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தான். மதாமுக்காக மட்டும் வந்த தங்கச்சி முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்தாள். அந்த அடிக்குப் பிறகு அவளுக்கு இடது காது கேட்காது.

சங்கத்து ஆள் ஒருவர் அவளுடைய அந்தக் காதுப் பக்கமாகக் குனிந்தார். "இது விருந்தினருக்கான இடம் அக்கா. பின்னுக்குப் போங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். "என்னவாம் அக்கா?"

இத்தனை வருட மொழிபெயர்ப்பில் நான் ஒரு சொல்லையும் மாற்றியதில்லை.

"ஒண்டுமில்லை" என்றேன். "வசதியா இருங்கோ எண்டு சொல்லுறார்."