முன்னாலிருந்து அடித்த காற்று

என் ஜீப்பைப் பற்றிக் கேட்டால் எங்கள் சொந்தத்தில் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். திருப்பூர் மண்ணரையில் நிட்டிங் யூனிட் நடத்துகிற ஒருத்திக்கு, அதுவும் நாற்பதைத் தாண்டிய வயதில், மலையேறுகிற வண்டி எதற்கு என்பது அவர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கும் விளக்கிச் சொல்ல வராது. பழைய ஜீப் ஒன்றை வாங்கி, எஞ்சினைக் கழற்றிவிட்டு டர்போ உள்ள வேறு எஞ்சினைப் பொருத்தி, உயரம் கூட்டி, பெரிய டயராக மாட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லிலும் ஓடையிலும் ஏற்றி இறக்குவேன். வாரம் முழுக்க நூல் வரவில்லை, துணி போகவில்லை என்று போனில் கத்துகிற வாய்க்கு அன்று ஒருநாள் ஓய்வு. அவ்வளவுதான்.

வண்டிக்கு ஒரே ஒரு வியாதி. கொதிக்கும். டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற சமாசாரம். காற்று கூடினால் பலம் கூடும், கூடவே சூடும் கூடும். திணிக்கிற காற்றைக் குளிர வைக்க முன்னால் இன்டர்கூலர் என்று ஒரு சல்லடை. அதற்குப் பின்னால், விரல் நுழைகிற இடைவெளி விட்டு, எஞ்சின் தண்ணீரைக் குளிர வைக்கிற ரேடியேட்டர். ஊருக்குள் ஓட்டினால் சாது. மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்சம் அழுத்தினால் டெம்பரேச்சர் முள் எழுந்து நிற்கும். தெர்மோஸ்டாட் மாற்றினேன். வாட்டர் பம்ப் மாற்றினேன். இன்னொரு ஃபேன் வைத்தேன். கோயமுத்தூர் வரை கொண்டுபோய்க் காட்டினேன். வந்த மெக்கானிக் ஒவ்வொருவரும் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்து, பளபளவென்று இருக்கிறது, அடைப்பே இல்லை என்று சொல்லிவிட்டு, கோளாறை வேறு எங்கேயோ தேடப் போனார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வண்டி என்றாலே நக்கல். ‘அம்மிணி பெத்த கடைசிப் புள்ளை, அதுக்குத்தான் அடிக்கடி காய்ச்சல்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் நிட்டிங் மெஷினோடு பிறந்த ஆள். நிட்டிங் ஷெட்டில் எந்நேரமும் பஞ்சு பறக்கும். ஷிப்டு முடிந்தால் கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து மெஷினுக்கு ஏர் அடித்து ஊதிவிட வேண்டும். அந்தப் பழக்கம் அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. துணியில் ஓட்டை விழுந்தால் ஏர் அடி. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ஏர் அடி. ஒரு ஆயுத பூஜைக்குச் சாமி படங்களுக்கே ஏர் அடித்து, அதில் ஒரு படம் போன இடம் தெரியவில்லை.

இந்த வருஷம் என் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. பொண்ணே அமையாமல் வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் கூடி வந்த கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. நாளைக்கு மனைவி நிற்கப்போகிற இடத்தில், அதற்கு முன்னால் உடன்பிறந்தவள் கூறைச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்கு இணையாக நிற்பாள். கல்யாணம் ஆனாலும் இவளுக்கு உன்னிடம் உரிமை உண்டு என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் யாராவது நிற்கலாம்.

அவனுக்கு நான் ஒரே அக்கா. எனக்குப் போட்டியாக ஒருத்தி உண்டு என்றால் அது எங்கள் பெரியப்பா மகள்தான். என்னைவிட இளையவள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. சின்ன வயதிலிருந்தே என் தம்பியைத் தன் தம்பி என்றுதான் எல்லோரிடமும் சொல்லித் திரிவாள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு ஒரு சட்டை நான் எடுத்தால் அவளும் ஒன்று எடுப்பாள். இந்தக் கல்யாணத்துக்குக் கிளிப்பச்சைப் பட்டு எடுத்து, குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் எல்லோருக்கும் முந்திப் போட்டோ போட்டவளும் அவள்தான்.

மண்டபம் உடுமலைக்கு அப்பால் கொமரலிங்கத்தில். முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர், அதற்கப்புறம் மாப்பிள்ளை அழைப்பு. அழைப்புக்கு அக்கா வண்டியில்தான் வருவேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். வீட்டுக்காரர் காரிலேயே போவோம் என்றார். நான் கேட்கவில்லை. கல்யாண வாரத்திலேயே ஷிப்மென்ட் ஒன்றும் வந்து கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. கடைசி ரோல் துணியை ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் கிளம்ப மதியம் தாண்டிவிட்டது. திருப்பூரில் ஷிப்மென்ட் என்று சொன்னால் சாவு வீட்டில்கூட மன்னிப்பார்கள், கல்யாண வீட்டில் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் ஏறினோம். நேரமாகிவிட்டதே என்று நான் அழுத்த, முள் ஏற ஆரம்பித்தது. டர்போ வேலை செய்யாத அளவுக்கு மெதுவாக ஓட்டினேன். அந்த வெயிலில் ஹீட்டரையும் முழுசாகப் போட்டேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியே வரும். வீட்டுக்காரர் வேர்த்து ஒழுகிக்கொண்டு, இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று முனகினார். குடிமங்கலத்துக்கு முன்னால், காற்றாலைகள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிற இடத்தில், பானெட்டிலிருந்து புகையாக ஆவி வந்தது. ஓரங்கட்டினேன்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறுகிறவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. முகூர்த்த நாளானதால் வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை. வந்த பஸ்களெல்லாம் படியில் ஆள் தொங்க, நிற்காமல் போயின. சீரையெல்லாம் முன்னின்று நடத்துகிற எங்கள் அத்தை மண்டபத்திலிருந்து திரும்பத் திரும்பப் போன் செய்தாள். வருகிறோம், வந்துவிட்டோம் என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன். கடைசியாக அவள் அழைத்தபோது குரலில் குழைவு போயிருந்தது.

“சாமி, பொழுது எறங்குது. வெளக்கு வெக்கறதுக்குள்ள நீ வரலீன்னா பெரியப்பன் மகளை நிறுத்திப் போடறோம். நல்ல நேரம் போயிருமில்ல.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கிளிப்பச்சைப் பட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாளா என்று வாய்விட்டே திட்டினேன். திட்டியபடியே போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் மண்டியிட்டேன். இன்டர்கூலர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஆத்திரத்தில், அது எதற்கு அங்கே இருக்கிறது என்கிற மாதிரி, மேல் போல்ட்டுகளைக் கழற்றி அதை முன்னால் சாய்த்தேன்.

பின்னால் ரேடியேட்டரையே காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போர்வை இருந்தது. பஞ்சு. ரேடியேட்டர் முகம் முழுக்க அழுத்தி அப்பிய பஞ்சு. ஓரத்தில் பிடித்து இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் கருநீலம், அதன்மேல் சாம்பல் நிற மெலாஞ்ச் நூல், எல்லாவற்றுக்கும் மேலே போன மாதம் ஓட்டிய சிவப்புக் கோடு ஆர்டர். நாங்கள் ஓட்டிய துணியெல்லாம் வரிசை தப்பாமல் அதில் இருந்தது. ஷெட்டில் மெஷின்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிற வண்டி, பஞ்சு படியத்தான் செய்யும். ஆனால் இவ்வளவு உள்ளே, இவ்வளவு இறுக்கமாக எப்படிப் போயிற்று என்று கேட்டேன். வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நாந்தான் அம்மிணி தெனமும் ஏர் புடிச்சு உட்டேன். சூடாகுது சூடாகுதுன்னு நீ பொலம்பறியேன்னு.”

“எந்தப் பக்கமிருந்துங்க?”

“முன்னாடி இருந்துதான்.”

எஞ்சின் பக்கமிருந்து வெளியே ஊத வேண்டியதை, மனுஷன் முன்னாலிருந்து உள்ளே ஊதி, பஞ்சையெல்லாம் ரேடியேட்டரில் அப்ப வைத்திருக்கிறார். முன்பக்கம் பளபளவென்று ஆனது அதனால்தான்; மெக்கானிக்குகள் ஏமாந்ததும் அதனால்தான். கோயமுத்தூர் வரை நான் அலைந்த அலைச்சலுக்கு அவரை அங்கேயே நாலு சாத்துச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் நக்கலடிக்கிற வாய் ஒருபக்கம் இருக்க, எனக்குத் தெரியாமல் தினமும் என் வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது கோபம் நிலைக்கவில்லை. சிரித்துத் தொலைத்தேன். அவரும் தைரியம் வந்து சிரித்தார். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற நிட்டிங் ஊசியை எடுத்து, அதன் கொக்கியால் இடுக்குப் பஞ்சையெல்லாம் ரேடியேட்டர் தகடு வளையாமல் நெளியாமல் இழுத்துப் போட்டார். எஞ்சின் ஆறியதும், கொதிக்கிற வண்டி என்பதால் எப்போதும் பின்னால் கிடக்கிற கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கிளப்பினோம்.

முள் அசையவில்லை. உடுமலை தாண்டியும் அசையவில்லை. இத்தனை மாதம் நான் கேட்டுக் கிடந்த ஓட்டம் அன்றைக்குத்தான் கிடைத்தது, ஆனால் ரசிக்க முடியவில்லை. பொழுது இறங்கியிருந்தது. அத்தையின் போன் நின்றுபோயிருந்தது. நான் அழைத்தாலும் யாரும் எடுக்கவில்லை. அப்படியென்றால் சீர் நடந்துகொண்டிருக்கிறது, அவள் நின்றுவிட்டாள் என்றுதானே அர்த்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மண்டப வாசலில் தம்பி லுங்கியும் பனியனுமாக நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பட்டு வேட்டி கட்ட உள்ளே ஓடினான். அத்தை தலையிலடித்துக்கொண்டு வந்தாள். பெரியப்பா மகளுக்குச் சேலையை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில், அவள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். விலக்கானவளை எப்படி மணையில் நிறுத்துவது? வேறு பங்காளி வீட்டுப் பெண்ணைத் தேடி ஆள் அனுப்பி, அந்தக் கூச்சலில் போனை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு எதுவும் முழுசாகக் காதில் விழவில்லை. குழாயடியில் கை தேய்த்தேன். கிரீஸ் போகவில்லை. அப்படியே கூறைச்சேலையைத் தோளில் வாங்கிக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

நிற்கும்போதுதான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே தெரிந்தது. ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கிளிப்பச்சைப் பட்டோடு அவள் அதில் உட்கார்ந்து, மணையைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

சீர் முடிந்ததும் தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவளைத் திட்டியது நாக்கில் கசந்தது. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீக்கா. நீ அந்த வண்டியில வர்றேன்னு சொன்னப்பவே, வழியில நின்னு போகும்னு இதை யோசிச்சு வெச்சுட்டேன்.”

கூடப்பிறந்தவன் இல்லாதவள். யாருக்காவது இணையாக நிற்க அவளுக்குக் கிடைத்திருக்கிற ஒரே வாய்ப்பு இதுதான். சொன்ன பொய்க்காக நாளைக் காலையில் தாலி கட்டுவதையும் அவள் இந்த நாற்காலியிலிருந்துதான் பார்க்க வேண்டும். அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“தொட்றாதக்கா. அத்தை பாக்குது. அப்பறம் உன்னையும் தலைக்குத் தண்ணி வாத்துட்டு வரச் சொல்லீருவாங்க.”

திரும்பிப் பார்த்தேன். கதவோரத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். தட்டை அந்த நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.